பாம்பைக் கண்டும் ஓடாத சிறுவன்... திருப்பருத்திக்குன்றம் விதானத்தில் மகாவீரர் வாழ்க்கை!

காஞ்சிபுரம்னா பட்டும், ஏகாம்பரநாதர், வரதராஜர் கோயில்களும்தான் சட்டென நினைவுக்கு வரும். ஊரை விட்டுக் கொஞ்சம் தள்ளி, வேகவதி ஆற்றங்கரையில் இருக்கும் திருப்பருத்திக்குன்றத்துக்குப் போகிறவர்கள் குறைவு. சமணக் காஞ்சி இதுதான். இங்கே கோயில் கொண்டிருப்பவர் வர்த்தமானர், அதாவது 24வது தீர்த்தங்கரரான மகாவீரர். 1387ல் விஜயநகர அமைச்சர் இருகப்பர் கட்டிய சங்கீத மண்டபத்தின் விதானத்தில் அவர் வாழ்க்கை ஓவியமாக இருக்கிறது.

வைசாலிக்கு அருகே குண்டகிராமத்தில் சித்தார்த்தர், திரிசலை தம்பதிக்குப் பிறந்தவர். சமண மரபு சொல்லும் ஆண்டு கி.மு. 599. ஆய்வாளர்கள் பலர் இன்னும் பிந்தைய காலம் என்கிறார்கள்.

சின்ன வயதில் நண்பர்களோடு மரத்தில் விளையாடும்போது, பெரிய பாம்பு ஒன்று அடிமரத்தைச் சுற்றிக்கொண்டதாம். மற்ற பிள்ளைகள் குதித்து ஓட, இவர் மட்டும் பதறாமல் பாம்பின் மேலேயே இறங்கி வந்தாராம். சோதிக்க வந்த சங்கமன் என்ற தேவன்தான் அந்தப் பாம்பு. மகாவீரர் என்று பெயர் வைத்ததும் அவனே என்கிறது திகம்பர மரபு.

சரி, நிஜப் பாம்புக்கு நாம் வருவது எப்படித் தெரியும்? அதற்கு வெளிக்காது கிடையாது. நம் காலடி அதிர்வு தரை வழியாக அதன் தாடை எலும்புக்குப் போய், அங்கிருந்து உள்காதுக்குச் சேரும். நாக்கை நீட்டி நீட்டி இழுப்பது வாசனை பிடிக்க. ஆள் வருவது தெரிந்தால் பெரும்பாலும் நழுவத்தான் பார்க்கும். மிதித்தாலோ, போகும் வழியை மறித்தாலோதான் ஆபத்து. அதுக்காக யாரும் கிட்டப்போய்ச் சோதித்துப் பார்க்க வேண்டாம். விலகி நின்று தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்க!

30 வயதில் துறவு. அடுத்த 12 ஆண்டுகள் கடும் தவம். லாட நாட்டில் ஊர்க்காரர்களே அவர் மேல் நாயை ஏவிவிட்டதாக ஆசாராங்க சூத்திரம் சொல்கிறது. மற்ற துறவிகள் தடியோடு நடந்த அந்த ஊரில், இவர் வெறுங்கையோடு போனார். நாய்கள் கடிக்கவும் செய்தன. நல்லவரை மிருகம் ஒன்றும் செய்யாது என்று அந்த நூல் கதை கட்டவில்லை. பூச்சிகள் நான்கு மாதத்துக்கும் மேல் உடம்பில் ஊர்ந்து கடித்தன, தட்டிவிடவில்லை.

42 வயதில் கேவல ஞானம். பிறகு 30 ஆண்டுகள் உபதேசம். அவர் உபதேசிக்கும் சபைக்குச் சமவசரணம் என்று பெயர். அதில் உள்ள 12 பகுதிகளில் ஒன்று விலங்குகளுக்கானது. சிங்கமும் மானும் அங்கே மனிதருக்குப் பயப்படாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்காருமாம்.

நிஜக் காடு அப்படி இல்லை. தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பகுதியில் ஒலிபெருக்கி வைத்துச் சோதித்தார்கள். 2023ல் வந்த முடிவு இது: சிங்கத்தின் குரலைவிட, சாதாரணமாகப் பேசும் மனிதக் குரலுக்குத்தான் யானை, காண்டாமிருகம் உட்பட பெரும்பாலான விலங்குகள் தண்ணீரை விட்டு வேகமாக ஓடின.

72 வயதில், கி.மு. 527ல் பாவாபுரியில் மகாவீரர் நிர்வாணம் அடைந்ததாக மரபு. சமணர்கள் தீபாவளி கொண்டாடுவது அந்த நாளை நினைத்துத்தான்.

திருப்பருத்திக்குன்றம் போனால் மண்டபத்தில் அண்ணாந்து பாருங்க. பல இடங்களில் வண்ணம் மங்கிவிட்டது. நின்று, நிதானமாகப் பார்த்தால்தான் உருவங்கள் பிடிபடும்.