கரி மோட்டார் ஸ்பீட்வேயில் 'கரி' யாரு?



கோயம்புத்தூர் செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வேன்னு ஒரு ரேஸ் டிராக் இருக்கு. நீளம் 2.1 கிலோமீட்டர். நம்ம மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் பசங்களுக்கு ரொம்பப் பழக்கமான பேரு. ஃபார்முலா பாரத் போட்டிக்காக நாடு முழுக்க இருந்து காலேஜ் டீம்கள், தாங்களே செஞ்ச காரை லாரியில ஏத்திட்டு வந்து இறங்குற இடம். சரி, அந்தக் 'கரி' யாரு? தமிழ் இலக்கியம் படிச்சவங்க யானைன்னு சொல்வீங்க. மத்தவங்க அடுப்புக்கரின்னு சொல்வீங்க. ரெண்டும் இல்ல. அது ஒரு மனுஷனோட பேரு. முழுப்பேரு சுந்தரம் கரிவர்தன்.

எனக்கும் ரொம்ப நாள் தெரியாது. எங்க ஊரு தென்காசி பக்கம் அச்சன்புதூர். சுத்தி வயல், மேற்கே மலை. சீசன் வந்தா குற்றாலச் சாரல் எங்க ஊர் வரைக்கும் வந்து முகத்துல அடிக்கும். இந்த ஊர்ல இருந்து வந்தவனுக்கு ரேஸ் கார்ங்கிறது டிவியில பாக்குற சமாச்சாரம், காசு உள்ளவங்க விளையாட்டு. நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு நினைச்சு, காலேஜ் ரேஸ் டீமுக்குப் பேர் கொடுக்காமலே முதல் வருஷத்தை ஓட்டிட்டேன். அந்த எண்ணத்தை மாத்தினது இவரோட வாழ்க்கைதான்.

மில் வீட்டுப் பிள்ளை

கரிவர்தன் 1954-ல் கோயம்புத்தூரில் பிறந்தார். ஜி. குப்புசாமி நாயுடு 1910-ல் தொடங்கிய லட்சுமி மில்ஸ், அந்தக் குடும்பத்துப் பிள்ளை. ஆக, வசதியான வீடு. இதை மறைச்சுச் சொல்ல வேண்டியதில்ல. கையில காசு இருந்தவர் அதை வச்சு என்ன செஞ்சார்ங்கிறதுதான் கதையே.

கோயம்புத்தூரைப் பத்தியும் ஒரு வார்த்தை. மில் வந்தது, மில்லுக்கு மெஷின் வேணும்னு ஃபவுண்டரி வந்தது, ஃபவுண்டரியைச் சுத்தி லேத் பட்டறைகள் வந்தன. ஒரு பொருள் கடையில கிடைக்கலைன்னா, அதை நாமே செஞ்சா என்னன்னு யோசிக்கிற ஊர். கரிவர்தனுக்கும் அந்தப் புத்தி இருந்துச்சு. ஸ்டியரிங் பிடிக்கிறதோட அவர் நிக்கல. காரைப் பிரிச்சு, மாத்தி, டியூன் பண்ணி ஓட்டுறவர்னுதான் பேர் எடுத்தார்.

சோழவரம்

அந்தக் காலத்துல தென்னிந்தியாவுல ரேஸ்னா சோழவரம்தான். சென்னைக்கு வடக்கே, ரெண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம். விமானம் போன பிறகு காரும் பைக்கும் ஓடின. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே வருஷா வருஷம் போட்டி நடத்தும். கரிவர்தன் பேர் வாங்கினது அந்தக் கான்கிரீட் தரையிலதான்.

ஆனா அங்கே ஒரு பெரிய சிக்கல் இருந்துச்சு. நம்ம ரோட்டுல அப்போ ஓடினது அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு, இவ்ளோதான். வெளிநாட்டு ரேஸ் காரை இறக்குமதி பண்ண, பெரிய பணமும் வேணும், பெரிய அனுமதியும் வேணும். அதனால ஒருத்தர்கிட்ட வெளிநாட்டு ரேஸ் கார் இருக்கும், பக்கத்துல நிக்கிறவர்கிட்ட பட்டறையில வெட்டி ஒட்டின உள்ளூர் கார் இருக்கும். கொடி அசையுறதுக்கு முன்னாடியே பாதி முடிவு தெரிஞ்சிடும். நல்லா ஓட்டத் தெரிஞ்ச, ஆனா பணம் இல்லாத பையன் வேலிக்கு வெளியே நின்னு பாக்க வேண்டியதுதான்.

ஃபார்முலா மாருதி

1983 டிசம்பர்ல மாருதி 800 வந்தது. 796 சிசி, மூணு சிலிண்டர் குட்டி எஞ்சின். கொஞ்ச வருஷத்துல நாடு முழுக்க ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்க ஆரம்பிச்சுது. குடும்பத்தோட கோயிலுக்குப் போற காருன்னு எல்லாரும் அதைப் பாத்தாங்க. கரிவர்தன் அந்த எஞ்சினை ஒரு ரேஸ் காருக்குள்ள பாத்தார்.

80-களின் பிற்பாதியில் அவர் உருவாக்கினதுதான் ஃபார்முலா மாருதி. ஒருத்தர் மட்டும் உக்காரக்கூடிய, சக்கரம் வெளியே தெரியுற கார். உள்ளே மாருதி 800 எஞ்சின். எஞ்சின் போனா எந்த ஊர் மெக்கானிக்கும் பாத்துடலாம். விலை குறைவு, அதையும் வாங்க முடியாத இளைஞர்களுக்கு வாடகைக்குக் கொடுத்தார். வேலிக்கு வெளியே நின்ன பையனுக்குக் கதவு திறந்தது இங்கேதான்.

இதுல இன்னொரு விஷயமும் நடந்துச்சு. எல்லார் கார்லயும் ஒரே எஞ்சின்னா, யார்கிட்ட பெரிய எஞ்சின் இருக்குங்கிற கேள்வியே போயிடுது. அப்போ ஜெயிக்கிறது எதுல? ஓட்டுறவன் கையில. அதோட, அந்தக் காரைச் செட் பண்றவன் கையில. தரையைத் தொடுறது நாலே நாலு டயர். ஒவ்வொண்ணும் தரையில படுற இடம் நம்ம உள்ளங்கை அளவுதான். அந்த நாலு உள்ளங்கையும் எப்படிப் பதியுதுங்கிறதுதான் மிச்சம் இருக்கிற வித்தியாசம்.

கொத்தனார் சாமான்

இந்த இடத்துல எங்க டீம் கதையைக் கொஞ்சம் சொல்லிக்கிறேன். ரெண்டாம் வருஷம் வெக்கத்தை விட்டு டீம்ல சேர்ந்தேன். ஆட்டோகிராஸ் தெரியும்ல? கோன் வச்ச வளைவு நெளிவான பாதையில, ஒவ்வொரு காரா தனியா கடிகாரத்தோட போட்டி போடணும். கோன் தட்டினா நேரம் கூடிடும். எங்க கார் பிராக்டீஸ்ல வளைவு வந்தா திரும்பாம முன்னாடியே இழுத்துட்டுப் போச்சு. புது சஸ்பென்ஷன் பார்ட் வாங்கணும்னு காசு கணக்குப் போட ஆரம்பிச்சோம். ஒரு சீனியர் அண்ணன் வந்து பாத்துட்டு, கட்டடம் கட்டுறவங்க வச்சிருக்கிற நூலும் தூக்குக்குண்டும் வாங்கிட்டு வரச் சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு வந்துச்சு. ஆனா அவர் சொன்னதுதான் சரி.

முதல்ல டோ. சமதளத்துல காரை நிறுத்தி, ஸ்டியரிங்கை நேரா வச்சு, டிரைவரை உள்ளே உக்கார வைங்க. காருக்கு ரெண்டு பக்கமும் சக்கர மையத்தோட உயரத்துல நூல் கட்டுங்க. முன் சக்கர மையத்துல இருந்து நூல் ரெண்டு பக்கமும் ஒரே தூரம் இருக்கணும், பின்னாடியும் அப்படியே. இப்போ ரிம்மோட முன் விளிம்புக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை அளங்க, பின் விளிம்புக்கும் அளங்க. முன் இடைவெளி அதிகம்னா சக்கரம் உள்ளே பாக்குது, அது டோ-இன். குறைவுன்னா டோ-அவுட். டோ-இன் நேரா போறதுக்கு நிதானம் தரும். முன்னாடி லேசா டோ-அவுட் இருந்தா கார் வளைவுக்குள்ள சட்டுனு திரும்பும். ஆட்டோகிராஸ்ல நேர் ரோடு ஏது? அதனால முன்னாடி பூஜ்யம் இல்ல கொஞ்சம் அவுட், பின்னாடி கொஞ்சம் இன்னு வைப்பாங்க. எங்க காருக்கு முன்னாடி நல்லா டோ-இன் இருந்துச்சு! டை ராடைத் திருகி மாத்தினோம். செலவு, ஒரு நூல்கண்டு.

அடுத்து கேம்பர். வளைவுல கார் சாயும்போது வெளிப்பக்கத்து டயரும் சேர்ந்து வெளியே சாயும், விளிம்புல மட்டும் நிக்கும். அதைச் சரிக்கட்ட, நிக்கும்போதே டயரோட மேல்பக்கத்தைக் கொஞ்சம் உள்ளே சாய்ச்சு வைக்கிறதுதான் நெகட்டிவ் கேம்பர். சக்கரத்துக்குப் பக்கத்துல தூக்குக்குண்டைத் தொங்க விட்டு, ரிம்மோட மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் நூல்ல இருந்து எவ்வளவுன்னு அளந்து கழிச்சுப் பாருங்க. 12 அங்குல ரிம்முக்கு ஒரு டிகிரின்னா சுமார் 5 மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். டிரிகோனாமெட்ரி எதுக்குப் படிச்சோம்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

கடைசியா காத்து. காத்து குறைஞ்சா டயரோட பக்கச்சுவர் மடங்கி உருளும். கூடினா தரையில பதியுற இடம் சுருங்கும். நடுவுல சரியான அளவைக் கண்டுபிடிக்க ஒரு சாக்பீஸ் போதும். டயர் ஓரத்துல கோடு போட்டு ஒரு ரவுண்டு ஓட்டுங்க. கோடு டிரெட் முடியுற விளிம்பு வரைக்கும் அழிஞ்சா சரி. பக்கச்சுவர்ல இறங்கியும் அழிஞ்சிருந்தா காத்து பத்தல. விளிம்பைத் தொடவே இல்லைன்னா காத்து ஜாஸ்தி. இன்னொண்ணு, சூடு. காலையில 20 டிகிரியில 30 பிஎஸ்ஐ வச்சீங்கன்னா, மத்தியானம் 32 டிகிரியில கார் நகராமலே சுமார் 32 பிஎஸ்ஐ காட்டும். வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்து, கெல்வின்ல கணக்குப் போட்டுப் பாருங்க, சரியா வரும். ஆட்டோகிராஸ் ஓட்டம் சின்னது, டயர் முழுசா சூடாகுறதுக்குள்ள முடிஞ்சிடும். அதனால ஓட்டத்துக்குக் கொஞ்சம் முன்னாடி அளக்கணும். ஒவ்வொரு தடவையும் ஒரே கேஜ், ஒரு நேரத்துல ஒரே ஒரு மாற்றம், எல்லாத்தையும் நோட்டுல எழுதணும்.

அன்னைக்குச் சாயங்காலம் எங்க கார் கோன் தட்டாம சுத்தி வந்துச்சு. புதுசா எந்தப் பார்ட்டும் வாங்கல.

41 வயசு

1995 ஆகஸ்ட் மாசம் ஒரு சிறு விமான விபத்துல கரிவர்தன் இறந்து போனார். வயசு 41. தரையில அவ்வளவு வேகத்தைப் பாத்தவரை வானம் எடுத்துக்கிச்சு.

அவர் விதைச்சது மட்டும் நிக்கல. சோழவரத்துக்குப் பிறகு 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்திருந்தது. அங்கே தன்னோட முதல் ரேஸை ஃபார்முலா மாருதியில ஓட்டி, முதல் மூணு இடத்துக்குள்ள வந்த கோயம்புத்தூர்ப் பையன் ஒருத்தர், 2005 மார்ச்ல மெல்போர்ன்ல ஜோர்டன் காரை ஓட்டி, ஃபார்முலா ஒன்ல ஓடின முதல் இந்தியரா ஆனார். நரேன் கார்த்திகேயன். அந்த நாளைப் பாக்க கரிவர்தன் இல்ல, அவர் போய்க் கிட்டத்தட்ட பத்து வருஷம் ஆகியிருந்துச்சு. 2000-களின் தொடக்கத்துல செட்டிபாளையத்துல டிராக் கட்டினப்போ அவர் பேரையே வச்சாங்க.

அவர் உலகத்துலயே வேகமான காரைச் செய்யல. எல்லாருக்கும் ஒரே மாதிரி, கைக்கு எட்டுற காரைச் செஞ்சார். அந்த மாதிரி ஒரு களத்துலதான் கவனமா அளக்கிறவனுக்கு மதிப்பு வரும், அவன் எந்த ஊர்க்காரனா இருந்தாலும் சரி.

உங்க காலேஜ்ல ரேஸ் டீம் இருக்கா? பேர் கொடுங்க. டீம் இல்லையா, கவலையில்ல. நாளைக்குக் காலையில வண்டியை எடுக்குறதுக்கு முன்னாடி, டயர் ஆறியிருக்கும்போதே காத்து எவ்வளவு இருக்குன்னு அளந்து ஒரு பேப்பர்ல எழுதி வைங்க. ஆரம்பம் அதுதான்.

அடுத்த இதழ்ல பாக்கலாம்!