சீருடைக்குள் ஒரு நாவலாசிரியர்

தஸ்தயேவ்ஸ்கியின் நாவல்களைப் போற்றுவோர் அவருடைய படைக்கல்லூரி வாழ்வை ஏனோ மறந்துவிடுகின்றனர். எனக்கோ அதுவே பெரிதாகப் படுகின்றது. தந்தையின் விருப்பப்படி, 1838இல், பதினாறு வயதிலே, சென் பீற்றர்ஸ்பேர்க் படைப்பொறியியற் கல்லூரியிற் சேர்ந்தார். சார் மன்னன் முதலாம் பவுல் கொலையுண்ட கோட்டையே அக்கல்லூரி. முதலாண்டிலேயே வகுப்பேற்றம் மறுக்கப்பட்டது. பகலெல்லாம் அணிவகுப்பும் அரண் வரைபடமும். பிறர் உறங்கியபின் சாளரத்தருகே வாசிப்பும் எழுத்தும்.

1841இல் அதிகாரியாகியும் படிப்பைத் தொடர்ந்து 1843இல் தேறினார். மறு ஆண்டே பதவியைத் துறந்தார்.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். 1849இல் அரசத் துரோகியெனக் கைதானவர், சைபீரியாவில் நான்காண்டுக் கடூழியத்தின்பின் சாதாரணச் சிப்பாயாக்கப்பட்டார். தாமே உதறிய பதவிக்காக இப்போது மன்றாடினார். கல்லூரித் தோழர் ஒருவரின் தமையனான தளபதி தொத்லேபென் துணைநிற்க, 1856இல் மீண்டும் அதிகாரியானார். அதன்பின்னரே, 1857இல், மரியாவை மணந்தார்.