செப்புத் தகட்டில் ஒரு தாய்

மேரி கசாட் 1844-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். ஓவியராக வேண்டும் என்ற அவரது விருப்பத்தைத் தந்தை ஏற்கவில்லை. எனினும் மேரி மனம் தளராமல் கடல் கடந்து பாரிஸ் நகரை அடைந்தார். அங்கிருந்த அரசுக் கலைப்பள்ளி அக்காலத்தில் பெண்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. ஆகவே, தனி ஆசிரியரிடம் பயின்றார். லூவர் அருங்காட்சியகத்தின் ஓவியங்களைப் பார்த்து வரைந்து பழகினார்.

பின்னர், செப்புத் தகட்டில் கூரிய ஊசியால் நேரே கீறிப் படம் வரையும் கலையில் தேர்ந்தார். கீறிய கோட்டின் ஓரத்தில் எழும் மெல்லிய பிசிறு மையைப் பற்றிக்கொள்ளும். தகட்டின்மேல் தாளை வைத்து அழுத்தினால் மென்மையான கோடுகள் பதியும். பிசிறு விரைவில் தேய்ந்துவிடுவதால் நல்ல படிகள் சிலவே கிடைக்கும். தவறாக விழுந்த கோட்டை மறைப்பதும் அரிது.

இத்தகைய கடினமான முறையில், 1890-ஆம் ஆண்டளவில், அவர் வரைந்தவை அரசர்களையோ போர்களையோ அல்ல. குழந்தைக்குக் காலுறை அணிவிக்கும் தாய், தேநீர்க் கோப்பையுடன் அமர்ந்திருக்கும் பெண் போன்ற எளிய இல்லக் காட்சிகளையே.

முதுமையில் மேரியின் கண்ணொளி மங்கியது. வரைவதை நிறுத்த நேர்ந்தது. 1926-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டிலேயே மறைந்தார். நாள்தோறும் நாம் கண்டும் காணாமல் கடந்துசெல்லும் அன்பை அவருடைய படங்கள் இன்றும் நின்று பார்க்கச் செய்கின்றன.