கம்பியில்லாத் தொண்டர் படை கண்ட மாக்சிம்

பள்ளி விளையாட்டு விழாவில் தொடர் ஓட்டம் பார்த்திருப்பீர்கள். ஒருத்தி ஓடிக் களைக்கும் இடத்தில் அடுத்தவள் கோலை வாங்கிக்கொண்டு ஓடுவாள். செய்தியையும் அவ்வாறே ஓடச் செய்தவர் ஹைரம் பெர்சி மாக்சிம்.

இவர் 1869ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் அமெரிக்காவிலுள்ள புரூக்ளினில் பிறந்தார். தந்தையார் யாரென்று கேட்டால் திடுக்கிடுவீர்கள். மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவரே அவர்! மகனோ துப்பாக்கி வெடிக்கும் ஓசையை அடக்கும் கருவியைச் செய்து பெயர் பெற்றார். ஓசையை அடக்கியவரே பிற்காலத்தில் ஊரையெல்லாம் பேச வைத்தது வேடிக்கைதான்.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் 1886இல் பட்டம் பெற்றபோது இவருக்கு வயது பதினாறு. நம்மைவிட ஒரே வயதுதான் அதிகம்! பின்னர் மோட்டார் வண்டிகள் அமைக்கும் பணியில் ஈடுபட்டு, ஹார்ட்ஃபோர்டு நகரில் வாழ்ந்தார்.

கம்பியில்லாத் தந்தி அவருக்குப் பொழுதுபோக்கு. 1914ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஓர் இரவு, ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலிருந்த ஒருவருக்குச் செய்தி அனுப்ப முயன்றார். தொலைவு சுமார் 40 கிலோமீட்டர்தான்; ஆயினும் செய்தி போய்ச் சேரவில்லை. இடைவழியில் வின்ட்சர் லாக்ஸ் என்னும் ஊரில் தெரிந்த அன்பர் ஒருவர் இருப்பது நினைவுக்கு வந்தது. அவரிடம் செய்தியைக் கொடுத்தார்; அவர் வாங்கி அப்பால் அனுப்பினார். வேறொருவராயிருந்தால் வேலை முடிந்ததென்று உறங்கப் போயிருப்பார். மாக்சிமோ, ஊருக்கு ஊர் இப்படி ஒருவர் இருந்தால் நாடு முழுவதும் செய்தி போகுமே என்று எண்ணினார். அவ்வாண்டிலேயே கிளாரன்ஸ் டஸ்கா என்னும் இளைஞருடன் சேர்ந்து அமெரிக்க வானொலி ரிலே சங்கத்தைத் தொடங்கினார். உறுப்பினர் எவருக்கும் செய்தி அனுப்பக் கூலி கிடையாது.

1917இல் அமெரிக்கா போரில் இறங்கியதும் அரசாங்கம் இவர்களுடைய நிலையங்களையெல்லாம் மூடியது. போர் முடிந்த பின்னும் அனுமதி எளிதில் கிட்டவில்லை. மாக்சிம் விடாது வாதாடினார். 1919இல் தடை நீங்கியது. இரண்டே ஆண்டுகளில் அமெரிக்க அன்பர்கள் அனுப்பிய ஒலி அட்லாண்டிக் கடலைக் கடந்து ஸ்காட்லாந்தில் கேட்டது. 1925இல் பாரிஸ் நகரில் உலகச் சங்கம் உருவானபோது இவரே அதன் முதல் தலைவரானார்.

1936 பிப்ரவரி 17ஆம் நாள், கொலராடோ மாநிலத்தில் மாக்சிம் காலமானார். அடுத்த மாதமே வடகிழக்கு அமெரிக்காவில் பெருவெள்ளம்! அவர் வாழ்ந்த ஹார்ட்ஃபோர்டு நகரத்துத் தெருக்களிலும் கனெக்டிகட் ஆறு புகுந்தது. வெள்ளம் பாய்ந்த பகுதிகளில் தந்திக் கம்பிகளும் தொலைபேசிக் கம்பிகளும் அறுந்தன. புயல் மழையில் நம் வீட்டுத் தொலைபேசி ஊமையாகிவிட்டால் எவ்வளவு தவிக்கிறோம்! அங்கே ஊர் ஊராகத் தவித்தன. அப்போது அமெச்சூர் வானொலி அன்பர்கள் பாட்டரிகளை வைத்துக்கொண்டு இரவு பகலாக உதவி கோரும் செய்திகளை ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கி அனுப்பினார்கள். சங்கத்தின் தலைமை நிலையமே வெள்ளத்தில் மூழ்கிவிட்டது. ஆனாலும் தொடர் ஓட்டம் நிற்கவில்லை. அதைக் காண மாக்சிம் இல்லையே என்பதுதான் எனக்கு வருத்தம்.

மூழ்கிய நிலையத்திற்குப் பதிலாக 1938இல் நியூயிங்டன் என்னும் ஊரில் புதிய நிலையம் கட்டினார்கள். மாக்சிம் தம் வீட்டு நிலையத்திற்கு வைத்திருந்த டபிள்யூ1ஏடபிள்யூ என்ற அழைப்புக் குறியையே அதற்கும் சூட்டினார்கள். புதிதாக மோர்ஸ் கற்பவர்களுக்காக அந்நிலையம் இன்றும் பாடம் ஒலிபரப்பி வருகிறது.