ஜனாதிபதியை அடக்கி ஆண்ட தாய்

நான்கு தடவை அமெரிக்க ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். வேறு எவருக்கும் அந்தப் பேறு கிடைத்ததில்லை. ஆனால், ஹைடு பார்க் என்ற ஊரில் இருந்த அவருடைய குடும்ப வீட்டில் அதிகாரம் அவர் கையில் இல்லை. அங்கே ஆட்சி செய்தவர் அவருடைய தாயார் சாரா!

சாப்பாட்டு மேஜையின் ஒரு கோடியில் தாயார் உட்காருவார். மறு கோடியில் மகன். மருமகள் எலினார் நடுவில் ஏதாவது ஒரு நாற்காலியைத் தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரே பிள்ளை

ரூஸ்வெல்ட் 1882-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி பிறந்தார். அப்போது தந்தை ஜேம்சுக்கு வயது 53. தாய்க்கு 27. சாராவுக்கு அவர் ஒரே பிள்ளை. எழுவது, படிப்பது, விளையாடுவது எல்லாம் தாயார் குறித்த நேரப்படிதான். பையன் தனியாகக் குளிப்பதற்கே எட்டு வயது தாண்ட வேண்டியிருந்தது!

14 வயதில் வெளியூர்ப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே அவருக்குத் தொற்றுக் காய்ச்சல் கண்டது. யாரும் உள்ளே போகக் கூடாது என்று தடை. சாரா சும்மா இருப்பாரா? சுவரில் ஏணி சாத்தி ஏறி, ஜன்னல் வழியாக மகனுக்குக் கதை படித்துக் காட்டினார்.

1900-ல் ஜேம்ஸ் காலமானார். மகன் ஹார்வர்டு சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அருகில் இருப்பதற்காகத் தாயார் பாஸ்டன் நகரில் வீடு பிடித்தார்.

ரகசியக் காதல்

இப்படி வளர்ந்த பிள்ளை எதிர்த்துப் பேசக் கற்கவில்லை. மறைக்கக் கற்றுக்கொண்டார். எலினாரைக் காதலித்ததைத் தாயாரிடம் மூச்சு விடவில்லை. 1903-ல் நிச்சயம் செய்துகொண்ட பிறகே சொன்னார். சாரா திடுக்கிட்டார். ஓராண்டுக்கு யாருக்கும் சொல்லக் கூடாது என்றார். மகனைக் கப்பலில் மேற்கு இந்தியத் தீவுகளுக்கு அழைத்துச் சென்றார். மகன் சிரித்த முகத்தோடு போனார், வந்தார். 1905-ல் எலினாரையே மணந்தார்.

பிற்காலத்தில் அரசியலிலும் அவருக்கு இதே வழிதான். அவரைப் பார்த்துப் பேசியவர்கள், தங்கள் கட்சியை அவர் ஏற்றுக்கொண்டதாகவே நம்பித் திரும்புவார்கள். அவர் மனதில் இருந்தது வேறாக இருக்கும்.

தாயார் அத்துடன் விடவில்லை. நியூயார்க்கில் ஒட்டினாற்போல் இரண்டு வீடுகள் கட்டினார். ஒன்று தமக்கு, மற்றது மகனுக்கு. 1908-ல் குடியேறினார்கள். இடையில் கதவுகள் வைத்திருந்ததால் மாமியார் எந்த நேரமும் உள்ளே வரலாம். எலினார் கண்ணீர் விட்டதில் வியப்பில்லை.

நோய் தாக்கியது

1921-ல் இளம்பிள்ளை வாதம் ரூஸ்வெல்ட்டின் கால்களை முடக்கியது. வயது 39. ஊருக்கு வந்து ஓய்வாக இருக்கட்டும் என்றார் தாயார். மனைவியும் நண்பர் லூயி ஹோவும் அதற்கு இணங்கவில்லை. ரூஸ்வெல்ட் தாயாருடன் சண்டை போடவில்லை, அடங்கியும் போகவில்லை. 1928-ல் நியூயார்க் கவர்னர் தேர்தலில் வென்றார். 1932-ல் ஜனாதிபதி தேர்தலில் வென்றார்.

சாராவைக் குறை மட்டும் கூறுவது நியாயம் அல்ல. மகன் குடும்பத்துக்குப் பணம் கொடுத்து வந்தவர் அவரே. தன்னால் முடியாதது இல்லை என்ற துணிவும் அந்தத் தாய் ஊட்டியதுதான். பாங்குகள் மூடிக் கிடந்த 1933-ல் நாடே நம்பியது அந்தத் துணிவைத்தான்.

1941 செப்டம்பர் 7-ந் தேதி, 86 வயதில் சாரா மறைந்தார். சில நாட்கள் கழித்து அவருடைய பொருள்களை ரூஸ்வெல்ட் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெட்டியில் அவர் குழந்தையாக இருந்தபோது வெட்டிய சுருட்டை முடி, சின்னஞ்சிறு பொருள்கள். எல்லாவற்றிலும் தாயார் கையெழுத்தில் குறிப்பு. உலகப் போர் மூண்டிருந்த நேரத்தில் கலங்காத ஜனாதிபதியின் கண்கள் கலங்கின. தம்மைத் தனியே விடும்படி காரியதரிசியிடம் கேட்டுக்கொண்டார்.