டயரில் இருக்கும் பெயர் யாருடையது? சார்ல்ஸ் குட்இயரின் கதை

ஈப்போவிலிருந்து கம்பாருக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் போவதற்குள் உங்கள் காரின் புது டயர் தேய்ந்து, உள்ளே இருக்கும் இழை வெளியே தெரிந்தால் எப்படி இருக்கும்?

2008 ஜூலை 27-ஆம் தேதி அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் தளத்தில் நடந்த நாஸ்கார் கார் பந்தயத்தில் அதுதான் நடந்தது. மொத்தம் 160 சுற்று, ஒரு சுற்று 4 கிலோமீட்டர். பத்துச் சுற்றுக்கு மேல் டயரை நம்ப முடியவில்லை. அதனால் 10, 12 சுற்றுக்கு ஒருமுறை அதிகாரிகளே மஞ்சள் கொடி காட்டி, எல்லோரையும் டயர் மாற்ற அனுப்பினார்கள்.

காரணம் என்ன? அந்தத் தளத்தில் கார்கள் எப்போதும் இடப்பக்கமே திரும்பும், பாரம் வலப்பக்க டயர்கள் மேல் விழும். அந்தக் காலத்துப் புது மாடல் காரில் அந்தப் பாரம் இன்னும் கூடுதல். தளமோ வைரப் பற்கள் கொண்ட இயந்திரத்தால் வரி வரியாகச் சீவப்பட்டது. வழக்கமாக டயரிலிருந்து உரியும் ரப்பர் தார் மேல் ஒட்டிப் படியும், தளம் கொஞ்சம் கொஞ்சமாக வழவழப்பாகும். அன்றைக்கு ரப்பர் ஒட்டவே இல்லை. மாவு போல் தூளாகிப் பறந்தது.

அந்த டயர்களில் இருந்த பெயர் குட்இயர். எல்லோர் கண் முன்னாலும் ரப்பர் கைவிடுவது அந்தப் பெயருக்குப் புதிதல்ல.

சார்ல்ஸ் குட்இயர் 1800-ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் நியூ ஹேவனில் பிறந்தவர். விஞ்ஞானி கிடையாது, இரும்புச் சாமான் கடைக்காரர். 1830 வாக்கில் கடை நொடித்துப்போக, கடனுக்காகச் சிறைக்குப் போனார். அதுதான் முதல் தடவை, கடைசித் தடவை அல்ல.

1834-ல் நியூயார்க்கில் ஒரு ரப்பர் கடைக்குள் நுழைந்தார். அங்கே விற்ற மிதவையின் வால்வு சரியில்லை என்று நினைத்து, நல்லதாக ஒன்று செய்து எடுத்துப் போனார். கடை மேலாளரோ வேறு ஒரு பிரச்சினையைக் காட்டினார். வாடிக்கையாளர்கள் திருப்பிக் கொடுத்த பொருளெல்லாம் உருகி, நாறி, கூழாகக் கிடந்தது. அன்றைய ரப்பர் அப்படித்தான்: வெயிலில் இளகும், குளிரில் கல்லாகி வெடிக்கும். உங்கள் தாத்தா பாட்டி தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்கள் என்றால் கேட்டுப் பாருங்கள். மங்கில் உறைந்த ஒட்டுப்பாலின் நாற்றத்தை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அடுத்த ஐந்து வருடம் குட்இயருக்கு வேறு வேலையே இல்லை. மனைவி கிளாரிஸாவின் சமையலறையில், அவருடைய மாவு உருளையை வைத்தே ரப்பரைப் பிசைந்து தேய்த்தார். வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக அடகுக்குப் போயின. குழந்தைகளில் பலர் சிறு வயதிலேயே இறந்துபோனார்கள். இந்த இடத்தில் அவரை விடாமுயற்சியின் சின்னம் என்று பாராட்ட எனக்கு மனசு வரவில்லை. அந்த முயற்சிக்கு விலை கொடுத்தது அவர் மட்டுமல்ல.

நைட்ரிக் அமிலத்தில் நனைத்தால் பிசுபிசுப்பு போகிறது என்று கண்டுபிடித்ததும், அரசாங்கத்திடமிருந்து 150 அஞ்சல் பைகளுக்கு ஆர்டர் கிடைத்தது. பைகளைச் செய்து மாட்டிவிட்டுக் குடும்பத்தோடு வெளியூர் போனார். திரும்பி வந்தபோது பைகள் உருகித் தொங்கிக்கொண்டிருந்தன. மேற்பரப்பு மட்டும்தான் மாறியிருந்தது, உள்ளே அதே பழைய ரப்பர்.

1839-ல் கந்தகம் கலந்த ரப்பர் துண்டு ஒன்று சூடான அடுப்பில் பட்டது. உருகவில்லை, தோல் போல உறுதியானது. தற்செயல் என்று பலரும் சொல்கிறார்கள். ஐந்து வருடமாக அதையே தேடியவருக்கு நடந்ததைத் தற்செயல் என்று சொல்வது அவ்வளவு நியாயமாகப் படவில்லை.

இதை எளிதாகப் புரிந்துகொள்ள ஒரு தட்டு மீயை நினைத்துக்கொள்ளுங்கள். பச்சை ரப்பரின் மூலக்கூறுகள் அந்த இழைகள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். சூட்டில் கந்தகம் அவற்றுக்கு இடையே முடிச்சுப் போடுகிறது. இழுத்தால் நீளும், விட்டால் பழையபடி திரும்பும். இன்றைக்கும் டயர் இப்படித்தான் வேகவைக்கப்படுகிறது.

1844-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் முந்திக்கொண்டார். குட்இயரின் மாதிரித் துண்டுகள் ஏற்கெனவே ஹான்காக்கின் கைக்குப் போயிருந்தன. வழக்குப் போட்டும் குட்இயர் தோற்றார். 1855-ல் பாரிஸில் மறுபடியும் கடனுக்காகச் சிறை. பிரெஞ்சுப் பேரரசரின் விருது அவர் சிறையில் இருந்தபோது வந்தது. 1860 ஜூலை 1-ஆம் தேதி அவர் இறந்தபோது ஏறக்குறைய 2 லட்சம் டாலர் கடன் இருந்தது.

நம்ம ஊர் இந்தக் கதைக்குள் வருவது அதற்குப் பிறகுதான். 1877-ல் சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர் கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றில் ஒரு மரம் இன்னும் அங்கே நிற்கிறது, போய்ப் பார்க்கலாம். 1888-ல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார், பிறகு கார் வந்தது, ரப்பருக்குக் கிராக்கி ஏறியது. காடுகள் அழிந்து தோட்டங்களாகின. கங்காணிகள் தமிழ்நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்களைக் கொண்டுவந்தார்கள். விடியும் முன் பெரட்டுக்குப் போய் நின்றவர்களில் உங்கள் முன்னோரும் இருந்திருக்கலாம்.

சரி, குட்இயர் நிறுவனம்? 1898-ல் ஒஹையோவின் ஏக்ரன் நகரில் ஃபிராங்க் சைபர்லிங் என்பவர் ஆரம்பித்தது. சார்ல்ஸ் இறந்து 38 வருடம் ஆகியிருந்தது. மரியாதைக்காகப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அவருக்கோ அவர் குடும்பத்துக்கோ அந்த நிறுவனத்தில் எந்தத் தொடர்பும் இருந்ததில்லை.