சமாதானவாதி ழான் ஜோரே

சமாதானவாதி என்றால் யார்? அடித்தால் அழுவான், உதைத்தால் ஓடுவான் என்று கேலி பேசிச் சிரிப்போர் உண்டு. சிரிக்கும் அந்தச் சூரர்களுக்கு ழான் ஜோரேயின் வாழ்க்கையை நாம் நினைவூட்டுகிறோம்.

சொல் வயதில் சிறியது. 1901-ல் எமில் ஆர்னோ என்ற பிரெஞ்சுக்காரர் பசிபிசம் என்று அதை வழக்குக்குக் கொண்டுவந்தார். மறு கன்னத்தைக் காட்டு என்பதல்ல பொருள். நாடுகளின் சச்சரவைச் சட்டத்தாலும் நடுவர் தீர்ப்பாலும் தீர்க்கப் பாடுபடுவது.

ஜோரே 1859-ல் தெற்குப் பிரான்சில் பிறந்தவர், தத்துவ ஆசிரியர். 1892-ல் கார்மோ நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவர் அவ்வூர் மேயரானார். கம்பெனி என்ன செய்தது? மேயர் பணிக்காக அவர் வராத நாட்களைக் காட்டிச் சீட்டைக் கிழித்தது! சுரங்கமே வேலைநிறுத்தத்தில் இறங்கியது. ஜோரே அவர்கள் பக்கம் நின்றார். மறு ஆண்டு அத்தொழிலாளர்களே அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். 1904-ல் லுமானிதே நாளேட்டைத் தொடங்கினார்.

ஆயுதமே ஆகாது என்றவரா இவர்? இல்லை! இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். 1911-ல் வந்த 'புதிய படை' நூலில், நாட்டைக் காக்கப் படை வேண்டுமென்றே எழுதினார். ஆனால் அது கொட்டடியில் ஆண்டுக்கணக்கில் அடைபட்ட பட்டாளமல்ல. பயிற்சி பெற்ற மக்களே படை. தற்காப்புக்கு மட்டுமே எழும் படை.

1913-ல் கட்டாய ராணுவ சேவையை இரண்டாண்டிலிருந்து மூன்றாண்டாக்கிய சட்டத்தை எதிர்த்தார். உடனே ஜெர்மனியின் கையாள் என்று ஏசின ஏடுகள். கையாளா? இரு நாட்டுத் தொழிலாளரும் ஒரே வேளையில் வேலையை நிறுத்தி யுத்தத்தைத் தடுக்க வேண்டும் என்றவர் அவர்!

1914 ஜூலை 31 இரவு. பாரிசில் ஓர் உணவுக் கடையில் தோழர்களோடு அமர்ந்திருந்தார். ஜன்னல் வழியே, முதுகுப்புறமிருந்து சுட்டான் ராவுல் விலேன் என்பவன். ஆகஸ்டு 3-ல் ஜெர்மனி பிரான்சு மீது போர் தொடுத்தது. 4-ந் தேதி ஜோரேக்கு இறுதிச் சடங்கு. அன்றே அவர் கட்சிப் பிரதிநிதிகளும் யுத்தச் செலவுக்கு ஒப்புதல் தந்தார்கள்.

அந்த யுத்தத்தில் பிரான்சு பறிகொடுத்த போர்வீரர்கள் சுமார் 14 லட்சம். 1918-ல் மாண்டோரில் ஒருவர் ஜோரேயின் மகன் லூயி.

கொலைகாரனை 1919 மார்ச்சில்தான் விசாரித்தார்கள். ஜூரி அவனை விடுதலை செய்தது. கணவனையும் பிள்ளையையும் இழந்த அம்மையார் தலையில் வழக்குச் செலவைக் கட்டினார்கள். நீதியாம்!

1924-ல் அரசு ஜோரேயின் உடலைப் பாரிசின் பாந்தியன் மண்டபத்துக்கு எடுத்துச் சென்றது. கார்மோ சுரங்கத் தொழிலாளர் பெட்டியோடு நடந்தனர்.